மாப்பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறார்

சென்னியப்பன் வீட்டுக்கு வந்து வெறும் வயிற்றோடு திரும்பியவர் என்று கோயமுத்தூரில் ஒருவரைக் காட்ட முடியாது. தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்க வந்த தானியங்கி இயந்திரத்திடமே ஒரு முறை, "மோர் ஒரு வாய் குடிச்சுட்டுப் போறது" என்று டம்ளரை நீட்டியிருக்கிறார். அது குடிக்காது என்று தெரியும். தெரிந்தாலும், கேட்காமல் அனுப்ப மனசு வராது. அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டில்தான் ஒரு விருந்தாளி மாதக்கணக்காகப் பட்டினி கிடந்தார்.

விருந்தாளியின் பெயர் மாப்பிள்ளை. பாம்பு.

ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட குட்டை ஜாதி மலைப்பாம்பு. விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் பத்திரமாக வைத்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும், அவ்வளவுதான் அதன் வீரம். சென்னியப்பனின் ஒரே மகள் நித்திலா வளர்த்தது. பெயரும் அவள் வைத்ததே. "எப்பப் பாத்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு கேட்டுட்டே இருந்தீங்களேப்பா, இந்தாங்க, கூட்டிட்டு வந்துட்டேன்" என்று கண்ணாடிப் பெட்டியை அவர் முன்னால் வைத்தாள். அவர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டே அவளைத் திட்டினார்.

அந்த நித்திலா இப்போது நிலாவில் இருந்தாள். அங்கே இருக்கும் ஆய்வு நிலையத்தில் விளக்கு வெளிச்சத்தில் கீரையும் தக்காளியும் வளர்க்கும் வேலை, ஆறு மாதத்துக்கு. கல்யாணப் பேச்சில் அப்பனுக்கும் மகளுக்கும் முட்டிக்கொண்டு, கிளம்புவதற்கு முந்தைய ஒரு வருஷம் "செரிங்க", "இல்லீங்க" என்பதோடு பேச்சு நின்றிருந்தது. பாம்பை எந்தச் சிநேகிதி வீட்டிலும் விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. "நீங்க பாத்துக்குங்கப்பா" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். மகள் தன்னிடம் நம்பி ஒன்றைக் கொடுத்து எத்தனை காலம் ஆகிறது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பாம்பு பயம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆக, இந்தப் பாம்பு செத்தால் பாம்பு மட்டும் சாகாது. அது சென்னியப்பனுக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே உரைமணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வளர்ப்புப் பிராணிகளின் நாடி, மூச்சு, உடம்பின் விறைப்பு எல்லாவற்றையும் கவனித்து, அவை நினைப்பதை நம் பேச்சில் சொல்லும் கருவி. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். வந்த புதிதில் ஊரே குதூகலப்பட்டது. பிறகு வம்பும் வந்தது. பீளமேட்டில் ஒரு வீட்டு நாய், "ஐயா வெளியூர் போனாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லப்போக, அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வக்கீல் வரைக்கும் போனார்கள். ஆனாலும் யாரும் மணியைக் கழற்றவில்லை. நாய் பேசிக் கேட்ட காது அடுத்த நாளும் கேட்கத்தான் விரும்பும்.

சென்னியப்பன் வீட்டு மணி பழையது. முதலில் கருப்பன் என்ற நாயின் கழுத்தில் இருந்தது. கருப்பன் தன் ஆயுசையெல்லாம் சாப்பாட்டு மேஜைக்கு அடியிலேயே கழித்தவன். நித்திலா நிலாவுக்குக் கிளம்பச் சில வாரம் இருக்கும்போது அவன் செத்துப்போனான்; அவள் அதை எடுத்துப் பாம்புப் பெட்டியின் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். அவள் அறைக்குள் இருந்தவரை மாப்பிள்ளை அநேகமாகப் பேசியதே இல்லை.

மகள் கிளம்பிய மறுநாளே சென்னியப்பன் பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வரச் செய்தார். சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே, நல்ல வெளிச்சத்தில் வைத்தார். பாம்பு ஒளிந்துகொள்ள உள்ளே ஒரு மண்சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டார்.

"அவ என்ன சொல்லிட்டுப் போனா?" என்றாள் அவர் மனைவி சுகந்தி. "ரூம்புலயே இருக்கட்டும், எலிய வெதுவெதுன்னு சூடு பண்ணி வெச்சுட்டு, கதவச் சாத்திட்டு வந்துருங்கன்னு சொன்னாளா இல்லீங்களா?"

"வீட்டுக்கு வந்த ஒரம்பரைய ரூம்புக்குள்ள போட்டுப் பூட்டிச் சோறு போடற பழக்கம் நம்ம வமுசத்துலயே இல்ல, புள்ள."

"அது பாம்புங்க."

"இருக்கட்டுமே. வந்த எடத்துல மாப்பிள்ளைய மண்சட்டிக்குள்ள உக்கார வெச்சாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

சுகந்தி சமையலறைக்குத் திரும்பிப் போனாள். முப்பது வருஷமாக அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு எந்தச் சுவரில் முட்டினால் தலைதான் உடையும் என்பது தெரியும்.

முதல் விருந்து தடபுடலாக நடந்தது. உறையவைத்த எலிகள் மோட்டார் அறையில் தனியாக ஒரு குட்டிக் குளிர்பெட்டியில் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து, கரையவைத்து, நீண்ட இடுக்கியில் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் பெட்டி முன்னால் நின்றார். முடிந்தவரை எட்டித்தான் நின்றார், ஆனால் முகத்தில் உபசாரச் சிரிப்பு குறையவில்லை. அவருடைய தம்பி குடும்பமும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாம்பு நாக்கை இரண்டு தரம் நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மணி பேசியது. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை, ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிற மாதிரி ஒரு குரல்.

"வேண்டாமுங்க. பசிக்கலீங்க."

கூடமே சொக்கிப்போனது. "என்ன மருவாதி பாத்தியா" என்றார் சென்னியப்பன் தம்பியிடம்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அந்த ஊர்ப் பக்கத்து வீடுகளில் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. இரண்டாவது 'வேண்டாம்' வெறும் மரியாதை. மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் இலையில் விழுந்திருக்கும். வேண்டாம் என்பதை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறவனை அங்கே கஞ்சன் என்பார்கள். எனவே சென்னியப்பன் இடுக்கியை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார். "சும்மா ஒரு வாய்" என்றார். மறுநாள் நீட்டினார். அதற்கு மறுநாளும் நீட்டினார். பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தார், விளக்கைக் கூட்டிப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டைக் காட்டி, தான் உண்டு காட்டினார்.

"அப்பறமாத் தின்னுக்கறனுங்க" என்றது மணி. இன்னொரு நாள், "நீங்க சாப்பிடுங்க, எனக்கு வயிறு செரியில்லீங்க" என்றது.

வயிறு சரியில்லை என்று கேட்டு ஓமத்தண்ணீர் வைத்தார். கேட்டால் நமக்குச் சிரிப்பாக இருக்கும். அவருக்கு அது சிரிப்பாக இல்லை. ஒரு மாதம் போவதற்குள் அந்தப் பாம்பின் மேல் அவருக்குப் பிரியம் வந்துவிட்டது. இத்தனை பணிவாகப் பேசுகிற ஒரு ஜீவன் கண்ணெதிரே இளைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. முதுகெலும்பு வரி தெரிய ஆரம்பித்தது. தோலில் சுருக்கம் விழுந்தது.

நிலாவிலிருந்து வாரம் ஒரு முறை அழைப்பு வரும். பேச்சு போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் இரண்டு மூச்சு விட்டுவிடலாம்.

"மாப்பிள்ளை சாப்பிட்டானாப்பா?"

"சாப்பிட்டாரு அம்மிணி. நல்லாத்தான் இருக்காரு."

சுகந்தி பின்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாள். அவர் திரும்பாமலே இருப்பார்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. குளிர்பெட்டியில் வைத்துப் பழசான எலியை நீட்டினால் எந்த மாப்பிள்ளைதான் தொடுவான்? நம் வீட்டில் யாருக்காவது நேற்று வைத்த குழம்பை ஊற்றியிருக்கிறோமா? மோட்டார் அறையில் பொறி வைத்து ஒரு எலியை உயிரோடு பிடித்தார். கொழுத்த எலி. அதைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, தம்பியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

பாம்பு பந்தாகச் சுருண்டது. எலி மூலைக்கு மூலை ஓடியது. போக வழி இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து பாம்பின் முதுகில் பல்லை வைத்துக் கடித்தது. பாம்புக்கு எலி இரை என்பார்கள். பயந்துபோன பாம்பும் பயந்துபோன எலியும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் பல் இருக்கிற எலிதான் ஜெயிக்கும். சென்னியப்பன் யோசிக்கவே இல்லை. மூடியைத் தள்ளிவிட்டுக் கையை உள்ளே விட்டார். அவர் கட்டைவிரலையும் எலி கடித்தது. எலியை உதறி எறிந்துவிட்டு, ரத்தம் துளிர்த்த பாம்பை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு பிடித்துக்கொண்டார். ஆயுசில் முதன்முறையாகப் பாம்பைத் தொடுகிறோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

மணி அப்போது சொன்னது: "எல்லாரும் மூஞ்சியவே பாத்துட்டிருந்தா எப்படிங்க எறங்கும்?"

அன்று சாயங்காலமே டாக்டர் ஷாகிதா வந்துவிட்டாள். பாம்பு, ஓணான், ஆமை இவற்றுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறவள். யார் கூப்பிட்டார்கள் என்று சென்னியப்பன் கேட்கவில்லை. காயத்தைக் கழுவி மருந்து வைத்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், எடை பார்த்தாள். சென்னியப்பனின் கட்டைவிரலுக்கும் கட்டுப் போட்டு, நாளைக்கே மனுஷ டாக்டரைப் பார்த்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னாள். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நோய் ஒண்ணும் இல்லீங்கண்ணா. இந்த ஜாதி ரெண்டு மூணு மாசம் திங்காமக்கூடத் தாங்கும். இனியும் இளைக்க விட்டாத்தான் ஆபத்து. பயந்து போயிருக்குது, அவ்வளவுதான். ஒளிய எடமில்ல, சுத்தியும் வெளிச்சம், எந்நேரமும் ஆளுங்க. தெனமும் வேற எதையாவது மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்கீங்க. உயிரோட எலி விடவே கூடாது. கண்ணைக் கடிச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"மூஞ்சியப் பாக்கறீங்கன்னு மணியும் அதையேதானுங்க சொல்லுச்சு" என்றார் அவர் பாவமாக. "நானுந்தான் கேட்டேன். ஆனா இத்தனை நாளும் பசிக்கலேன்னுதானே சொல்லிட்டிருந்துச்சு?"

டாக்டர் மணியைப் பார்த்தாள். "இது பழசாச்சே. இதுக்கு முன்ன எங்க இருந்துச்சு?"

"எங்க கருப்பன் கழுத்துலீங்க. மேசைக்கு அடியில படுத்திருப்பான்."

"அண்ணா, பாம்புக்கு இவ்வளவு பேச்சு இல்லீங்க. சூடு, குளிர், பயம், நிம்மதி, அவ்வளவுதான் அதுக்கு. மீதிய மணி இரவல் வாங்கும். வீட்டுல இருக்கறவங்க பேசறதையும், பேசறப்ப அவங்க நாடி எப்படி அடிக்குது, மூச்சு எப்படிப் போகுதுன்னும் வருஷக்கணக்காக் கேட்டு வெச்சிருக்கும். பாம்பு உடம்பு இப்ப இருக்கற மாதிரியே இந்த வீட்டுல எப்பவாவது யாரோட உடம்பாவது இருந்திருந்தா, அவங்க அப்ப சொன்ன வார்த்தைய எடுத்துச் சொல்லும். விக்கறவங்க இதைச் சொல்றதில்ல. அந்தப் பீளமேட்டு நாய்கூட அந்த அம்மா சொன்னதைத்தான் சொல்லியிருக்கும்."

சென்னியப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப, சோத்து முன்னாடி உக்காந்து பயந்துட்டு, பசிக்கலேன்னு சொன்னது யாருங்க? எங்க வீட்டுலயா?"

 டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? சுகந்திதான் சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

"நம்ம நித்திலாங்க. தெனமும் ராத்திரி அவ தட்டுல கை வெச்சதும் நீங்க போனை எடுத்து ஒரு பையன் போட்டோவக் காட்டுவீங்க. உங்க தம்பி பொண்டாட்டி ஒண்ணு சொல்லுவா. எல்லாரும் அவ மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்போம். நானுந்தான். எப்படி எறங்கும்னு அவ கேட்டா. நீங்க அடுத்த போட்டோவத் தள்ளிட்டிருந்தீங்க."

அவர் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தார். அந்த வார்த்தைகள் எல்லாமே அவர் காதில் முன்பே விழுந்தவைதாம். பொண்ணு சொன்னபோது விழுந்ததைவிடப் பாம்பு சொன்னபோது நன்றாக விழுந்தது, அதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதம் ஒரு பாம்பு பட்டினி கிடந்ததற்கே தூக்கம் போனவர், ஒரு வருஷம் ஒரு பெண் அரை வயிற்றோடு எழுந்து போனதைக் கவனிக்கவில்லை. கண் கலங்கியது. டாக்டர் மருந்துப் பையை அடுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பெட்டி நித்திலாவின் அறைக்குத் திரும்பியது. மண்சட்டியும் திரும்பியது. கண்ணாடியின் மூன்று பக்கம் துணி கட்டினார்கள். ஒரு ஓரம் வெதுவெதுப்பாகவும் மறு ஓரம் குளிர்ச்சியாகவும் இருக்கும்படி டாக்டர் சரிசெய்து கொடுத்தாள். காயம் ஆறும்வரை உணவையே காட்டக் கூடாது, தண்ணீர் மாற்றத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. சென்னியப்பனுக்கு அந்த நாட்களைத் தள்ளியதுதான் பெரிய தவம். விருந்தாளியிடம் "சாப்பிடுங்க" என்று சொல்லாமல் இருப்பது அவருக்கு மூச்சை அடக்குவது மாதிரி இருந்தது. தண்ணீர் மாற்றப் போகும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு போனார்.

பிறகு ஒரு நாள் எலியை நன்றாகக் கரையவைத்து, சுடுதண்ணீரில் பையோடு போட்டு, உயிருள்ள உடம்பின் சூடு வந்ததும் துடைத்து, இடுக்கியால் சட்டியின் வாசலில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர் கதவில் காதை வைத்தார்.

"இங்கிட்டு வாங்க" என்று சுகந்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "காதுல பாக்கறதும் பாக்கறதுதான்."

பொழுது சாயப் போய்ப் பார்த்தபோது எலி இல்லை. சட்டிக்குள் மாப்பிள்ளை நடுவில் சற்றே பருத்துப் படுத்திருந்தார். சென்னியப்பன் சத்தமே இல்லாமல் கூடத்துக்கு வந்து, துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டு, அறுபது வயசு மனுஷன், ஒரு சுற்று ஆடினார். சுகந்தி கும்மிக்குக் கை தட்டுவதுபோல ஓசையில்லாமல் தட்டினாள். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்து டாக்டரை அழைத்தார்.

"தின்னுட்டாருங்க. ஆனா மணி ஒரு வார்த்த பேசலீங்களே?"

டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நிம்மதியா உக்காந்து சாப்பிட்ட உடம்பு பேசின பேச்சு அதுகிட்ட இருந்தாத்தானுங்கண்ணா அது பேசும்."

அவர் போனை வைத்துவிட்டு, நித்திலா உட்காரும் நாற்காலியைத் துடைத்து மேஜையோடு சேர்த்துப் போட்டார்.

அந்த வாரம் நிலாவிலிருந்து அழைப்பு வந்ததும் அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "அம்மிணி, நான் பொய் சொல்லிட்டேன். மாப்பிள்ளை இத்தன நாளு ஒண்ணுமே திங்கல. நேத்துத்தான் தின்னாரு."

இரண்டு மூச்சு. பிறகு நித்திலா சிரிக்கும் சத்தம் வந்தது. "தெரியுமுங்கப்பா. எலி கடிச்ச அன்னிக்கே அம்மா சொல்லிட்டாங்க. டாக்டரை அனுப்புனதே நான்தான். நீங்க கைய விட்டு மாப்பிள்ளையத் தூக்குனீங்களாமே, நெசமாவா?"

"நெசந்தான் கண்ணு."

"பயமா இல்லீங்களா?"

"அப்பத் தோணல. இப்ப நெனச்சா உதறுது."

அப்பனும் மகளும் எத்தனையோ காலத்துக்குப் பிறகு சேர்ந்து சிரித்தார்கள், அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

ஆறு மாதம் முடிந்து அவள் வந்த அன்று சுகந்தி அரிசிம்பருப்புச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் செய்து வைத்திருந்தாள். நித்திலா நேரே தன் அறைக்குப் போய்ப் பாம்பைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டபடியே வந்து சாப்பிட உட்கார்ந்தாள். நிலாவில் இருந்து வந்த உடம்பு, நடையே தள்ளாடியது. சென்னியப்பனுக்கு நாக்கு நுனியில் ஆயிரம் கேள்வி. திருப்பூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது, போட்டோ போனில் இருக்கிறது. போனை அணைத்து மேல்மாடியில் வைத்துவிட்டு, "நீ சாப்பிடு கண்ணு" என்று சொல்லி வாசலில் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். தம்பி வீட்டார் வந்தபோது, "நாளைக்கு வாங்கப்பா" என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் அவர் அனுப்பியது அதுவே முதல் தடவை.

உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. தாயும் மகளும் எதற்கோ சிரித்தார்கள். மறுபடியும் கரண்டி. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்கம்மா" என்று அவளாகக் கேட்டது வாசல்வரை வந்தது. சென்னியப்பனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், சாப்பிட்ட மாதிரியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நித்திலாவின் குரல் வந்தது. "ஏன் வெளியவே நிக்கறீங்க? நீங்களும் வந்து உக்காருங்க."

போனார். உட்கார்ந்தார். தலையைக் குனிந்து தன் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார். "என்னங்கப்பா, சோத்துல எதையாவது தொலச்சுட்டீங்களா?" என்று அவள் கேட்டபோதுதான் நிமிர்ந்தார். அவள் மூன்றாவது முறையாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து பாம்புக்கு உணவு வைக்கும் நாள் வந்தபோது, "நீங்களே வெச்சுருங்கப்பா, உங்க கைக்குத்தான் அவன் பழகிட்டான்" என்றாள் நித்திலா. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. எலியைச் சூடாக்கித் துடைத்து, சட்டி வாசலில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நித்திலாவும் சுகந்தியும் அங்கேயே இருந்தார்கள். உள்ளே ஏதோ அசைந்தது.

அப்புறம் மணி பேசியது. அந்த அறைக்குள் அது சாப்பாட்டு நேரத்தில் பேசியது அன்றுதான் முதல் தடவை.

"ஏன் வெளியவே நிக்கறீங்க? நீங்களும் வந்து உக்காருங்க."

நித்திலா வாயைப் பொத்திக்கொண்டாள். சுகந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சென்னியப்பன் எழுந்தார், கதவுவரை போனார், கைப்பிடியைத் தொடாமல் நின்றார்.

"வேண்டாமுங்க மாப்ளே" என்றார். "நீங்க சாப்பிடுங்க."